வேலை தானே பேசுமா?

"உன் வேலை பேசட்டும், நீ பேசாதே" என்பது நமது ஊர்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் புத்திமதிகளுள் முதன்மையானது. தன்னைத் தானே மெச்சிக்கொள்பவனை நாம் ஒருபோதும் மதித்ததில்லை. சபையில் தன் பெருமையைத் தானே பேசுபவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அடக்கம் என்பது ஒழுக்கம் மட்டுமல்ல, ஈமானின் அழகும் அதுதான் என்றே நமக்குச் சொல்லித் தரப்பட்டது. இப்புத்திமதி தலைமுறை தலைமுறையாக நம்மைப் பண்படுத்தி வந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் கல்ஹின்னையிலிருந்தும் அதிகாலையில் கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுகின்ற நமது பிள்ளைகள் நுழையும் தொழில் உலகம் வேறொரு விதியின்படி இயங்குகின்றது. அங்கே வருடத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் தரப்படும். இவ்வருடத்தில் நீ சாதித்தவை எவை, உனது பலம் எது, அடுத்த பதவிக்கு நீ தகுதியானவன் என்று ஏன் நினைக்கிறாய் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். சம்பள உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் அப்படிவத்தை வைத்தே தீர்மானமாகின்றன. 'நான் கெட்டிக்காரன்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். அடக்கம் கற்று வளர்ந்த பிள்ளை அவ்விடத்தில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப் போகிறான்.

இதை வெள்ளைக்காரன் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது இலகு. ஆயினும் இப்பழக்கம் ஏன் வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். நமது முன்னோர் வேலை செய்தது கடைகளில். ஐந்து பேர் வேலை செய்யும் புடவைக் கடையில் காலையில் முதலில் வந்து கதவைத் திறப்பவன் யார், மாலையில் கணக்கு முடியும் வரை நிற்பவன் யார், வாடிக்கையாளரிடம் முகம் கோணாமல் பேசுபவன் யார் என்பதெல்லாம் கல்லாவில் இருக்கும் முதலாளிக்குத் தெரியும். அங்கே வேலை உண்மையிலேயே பேசியது. ஏனெனில் அதைக் கேட்பதற்கு ஒரு காது பக்கத்திலேயே இருந்தது. நாடு முழுவதும் கிளைகளும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் கொண்ட நிறுவனத்தில் அப்படியல்ல. கண்டிக் கிளையின் மூலையில் இருந்து ஒருவன் செய்வதைக் கொழும்பில் இருக்கும் பணிப்பாளர் காண்பதில்லை. பார்க்கும் கண் இல்லாத இடத்தில்தான் படிவம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வேலை தானே பேசாது என்பதற்கு நமது கண்டி மலைகளிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ஸ்கொட்லாந்தில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் பதின்ம வயது இளைஞராக 1852இல் இலங்கைக்கு வந்தார். கண்டி மாவட்டத்தில் ஹேவாஹெட்டப் பக்கமாக இருக்கும் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். வர்த்தகப் பயிராக இலங்கைத் தேயிலையின் வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. ஆரம்பத்தில் தமது பங்களாவின் விறாந்தையில் மேசைகளின் மீது கொழுந்தைக் கையால் உருட்டச் செய்து, மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் உலர்த்தினார். 1869இல் கோப்பிச் செடியைப் பிடித்த இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, இந்நாட்டின் பொருளாதாரத்துக்குக் கைகொடுத்தது இந்தத் தேயிலைதான்.

ஏறத்தாழ நாற்பது வருடங்கள் டெய்லர் அந்த ஒரே தோட்டத்தில் கிடந்து உழைத்தார். பதவி தேடி வேறிடம் போகவில்லை. முடிவு என்னவாயிற்று? 1892இல் தோட்டத்தின் உரிமையாளர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் தோட்டத்தை விட்டுப் போக மறுத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் நோயுற்று அங்கேயே மரணமானார். கண்டி மஹியாவ மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய வேலை கூட, கணக்குப் பார்க்கும் எசமானர்கள் முன்னிலையில் அவருக்காக வாய் திறந்து பேசவில்லை.

சரி, வேலை பேசாவிட்டால் ஒருவனின் தகுதியை யார் பேசுவது? எனக்குத் தெரிந்த வரையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று பரீட்சை. இரண்டு சிபாரிசு. மூன்று சொந்த வாய்.

பரீட்சை கௌரவமான வழி. அங்கே விடைத்தாளில் பெயர்கூட இல்லை, சுட்டெண் மாத்திரமே. நமது சமூகம் பெருமையுடன் நினைவுகூரும் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கை முஸ்லிம் ஆனார். போட்டிப் பரீட்சையே அவருக்கு வாசலைத் திறந்தது. ஆனால் பரீட்சை ஆரம்பக் கதவைத்தான் திறந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு அன்றாடம் செய்யும் வேலைக்குப் பரீட்சை கிடையாது. ஆசிரியர் சேவையில் இருக்கும் எங்களுக்கும் தடைதாண்டல்கள் உண்டு. எனினும் வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையை வாசிக்க வைத்த ஆசிரியரின் உழைப்பை அளக்கும் வினாத்தாளை இன்னும் எவரும் தயாரிக்கவில்லை.

இரண்டாவது வழியாகிய சிபாரிசு நம் நாட்டின் பெருநோய். அரசியல்வாதியின் கடிதம், ஊர்ப் பெரியவரின் தொலைபேசி அழைப்பு, மாமாவின் நண்பர் என்று அது பல வடிவம் எடுக்கும். இங்கே நான் ஒன்றைத் துணிந்து சொல்ல விரும்புகிறேன். தன் வாயால் தன் தகுதியைச் சொல்வது பெருமையடித்தல் என்று முகம் சுளிக்கும் அதே நாம், அதே தகுதியைப் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்தாளில் எழுதி வாங்குவதில் வெட்கப்படுவதில்லை. நம்மை ஒருமுறைகூடக் கண்டிராத ஒருவர், 'இவரை எனக்கு நன்கு தெரியும், நேர்மையானவர், திறமைசாலி' என்று கையெழுத்திடுகிறார். நம் வாயால் சொன்னால் பெருமை, இன்னொருவர் வாயால் பொய் சொல்வித்தால் அடக்கம் என்பது என்ன நியாயம்? இது அடக்கமல்ல, இரவல் வாயால் பேசும் பெருமை. இரவல் வாய்க்கு வட்டியும் கட்ட வேண்டும். கடிதம் தந்தவர் நாளை வந்து எதைக் கேட்டாலும் மறுக்க முடியாமல் போய்விடும்.

எஞ்சியிருப்பது மூன்றாவது வழி. அதில்தான் நமது மனம் தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்துக்கு விடை தேடும் எவரும் நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது. அல்குர்ஆனின் 12ஆவது அத்தியாயம் கூறும் அவ்வரலாற்றில் நான் சொன்ன மூன்று வழிகளும் வந்து போகின்றன. சிறையிலிருந்து விடுதலையாகிப் போகும் தோழரிடம், உமது எசமானரிடம் என்னைப் பற்றிச் சொல்லும் என்று அவர் கேட்டுக்கொண்டார். வெளியே போன தோழர் மறந்து போனார். சிறைவாசம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்னர் மன்னன் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்கப்பட்டது. அது அவருக்கு வந்த பரீட்சை. வரப்போகும் ஏழு வருட விளைச்சலையும் அடுத்து வரும் ஏழு வருடப் பஞ்சத்தையும் சொல்லி, தானியத்தைச் சேமிக்கும் முறையையும் அவர் சொல்லிக் கொடுத்தார். மன்னன் அழைத்தபோது உடனே ஓடிப் போகவில்லை. தன் மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட்டு உண்மை வெளிவரும் வரை சிறையிலேயே நின்றார். அதன் பிறகே, நாட்டின் களஞ்சியங்களைத் தமது பொறுப்பில் தரும்படி தாமே கேட்டார். தாம் பாதுகாக்கக் கூடியவர், விஷயம் அறிந்தவர் என்று தம் தகுதியையும் தாமே எடுத்துச் சொன்னார்.

இமாம் குர்துபி தமது விரிவுரையில் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கிறார். யூஸுப் (அலை) அவர்கள் தமது குலச் சிறப்பைச் சொல்லவில்லை, தமது அழகைச் சொல்லவில்லை. அவ்விரண்டும் அவரிடம் நிறைவாகவே இருந்தன. அவர் சொன்னது அந்த வேலைக்கு எது தேவையோ அதை மட்டும்தான்.

மறுபுறத்தில், பதவியைக் கேட்டுப் பெறாதே என்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்குச் செய்த உபதேசமும் நமக்குத் தெரியும். கேட்டுப் பெற்றால் நீ அதனிடமே விடப்படுவாய், கேளாமல் வந்தால் அதில் உதவப்படுவாய் என்பது அதன் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தோன்றும். என் சிற்றறிவுக்குப் பட்டவரை, கேட்கப்படும் பொருளில்தான் வித்தியாசம் இருக்கின்றது. ஒருவன் கதிரையைக் கேட்கிறான். இன்னொருவன் சுமையைக் கேட்கிறான். யூஸுப் (அலை) அவர்கள் கேட்டது பஞ்சம் வரப்போகும் நாட்டின் களஞ்சியச் சாவி. அவர் மௌனமாக இருந்து, கணக்குத் தெரியாத ஒருவன் கையில் அச்சாவி போயிருந்தால் பசித்திருப்பது அவரல்ல, ஊரார்.

இதைப் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டபோது, பக்கத்திலிருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தைச் சேர்ந்தவர்கள் உட்படப் பல விவசாய விஞ்ஞானிகள் விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள். 'எங்களுக்கு இது தெரியும், இது எங்கள் துறை' என்று அவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். அதைப் பெருமையடித்தல் என்று எவரும் சொல்ல முடியுமா? அவ்வருட நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் நெல்லும் தேயிலையும் அடி வாங்கிவிட்டன. 2022இல் நாம் நின்ற வரிசைகளுக்குக் காரணங்கள் பல. டொலர் இல்லாமற் போனது அவற்றுள் பெரியது. ஆயினும் அறிந்தவன் சொல்லாவிட்டால், சொன்னாலும் கேட்பாரில்லாவிட்டால் களஞ்சியத்துக்கு என்ன நடக்கும் என்பதை அவ்விரண்டு வருடங்களும் நமக்குப் போதுமான அளவு காட்டிவிட்டன.

ஆகவே தன் தகுதியைத் தன் வாயால் சொல்லலாம். சில வேளைகளில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் விஷயம் இத்துடன் முடியவில்லை. இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கின்றது.

என்னிடம் படித்த ஒருவர் கண்டியில் ஒரு தனியார் நிறுவனக் கிளையின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறார். பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தவர் மனம் நொந்து பேசினார். வருடப் படிவத்தில் அவர் இரண்டு வரிகள் மட்டும் எழுதியிருக்கிறார். கூட வேலை செய்பவர் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார். பல மாதங்களாகக் குழம்பிக் கிடந்த களஞ்சிய இருப்புக் கணக்கைத் தாமே ஒழுங்குபடுத்தியதாக அதில் ஒரு பந்தி. உண்மையில் பல இரவுகள் விழித்திருந்து அதைச் செய்தவர்கள் அவ்விருவரும். பதவி உயர்வு மற்றவருக்குக் கிடைத்தது.

"சேர், நான் செஞ்சத நானே சொல்லிக்கொள்றது பெருமதானே? அவர் மாதிரி எனக்கு எழுத ஏலாது" என்றார்.

"கணக்குப் பார்த்தது நீங்க ரெண்டு பேரும் மட்டுந்தானா மகன்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். "இல்ல சேர். களஞ்சியத்துல வேல செய்ற நானா ஒருத்தர் இருக்கார். எந்தச் சாமான் எங்க இரிக்கி என்டு அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாட்டி கணக்கு முடிஞ்சிருக்காது."

"உங்கட ரெண்டு வரியில அவர்ட பேர் இருந்ததா?"

அவர் பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தில் இருக்கும் விஷயத்தைத்தான் நான் இங்கே எழுத விரும்பினேன். மற்றவர் தம் பந்தியில் இரண்டு பேரை அழித்துவிட்டு 'நான்' என்று எழுதினார். அது தெளிவான களவு. ஆனால் அடக்கத்தின் பெயரால் ஒன்றும் எழுதாமல் விட்டவரும், தன்னோடு சேர்த்து அந்தக் களஞ்சிய நானாவையும் மறைத்துவிட்டார். அந்த மனிதருக்குப் படிவம் கிடையாது. அவரது வேலையைப் பற்றி மேலே சொல்லக்கூடிய வாய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பொய் சொன்னது. மற்றது பேசாமல் இருந்தது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

படிவத்தில் எழுதுவது புகழ்ச்சி அல்ல, சாட்சி என்று எண்ணிப் பாருங்கள். அப்போது பல குழப்பங்கள் தீர்ந்துவிடும். சாட்சி சொல்வதற்கு நமது மார்க்கத்தில் ஒழுங்கு இருக்கின்றது. இல்லாததைச் சொல்லக் கூடாது. கூட்டிச் சொல்லக் கூடாது. அதேவேளை, அறிந்ததை மறைக்கவும் கூடாது. சாட்சியத்தை மறைப்பதும் குற்றமே. தனக்கு எதிராக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வாறிருக்க, தனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக உண்மையை விழுங்கிவிட வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கை ஒழுங்குபடுத்தினோம், நான் செய்தது இன்ன பகுதி, இன்னார் செய்தது இன்ன பகுதி, இன்னும் முடியாதது இவ்வளவு என்று எழுதுவதில் பெருமை எங்கே இருக்கிறது? பொய் எங்கே இருக்கிறது?

சாட்சி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மீண்டும் லூல்கந்துரவுக்கே போக வேண்டியிருக்கிறது. டெய்லருக்கு எசமானர்கள் அநியாயம் செய்தாலும் வரலாறு பிற்காலத்தில் நியாயம் செய்தது. ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் அவருக்கு உரிய இடம் இருக்கின்றது. பாடப் புத்தகத்தில் அவரது பெயர் இருக்கின்றது. ஆனால் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர் யார்? கன்று நட்டவர் யார்? விறாந்தை மேசையில் உள்ளங்கை சிவக்கக் கொழுந்து உருட்டியவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியே கால்நடையாக மலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில்தான் மலைநாட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அவர்களது பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிகள் இருந்த அந்த ஏணியில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு படியும் இருக்கவில்லை. 'டெய்லர் தேயிலை நட்டார்' என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் ஒரு வசனத்துக்குள் எத்தனை கைகள் மறைந்து கிடக்கின்றன!

இன்றைய நிறுவனங்களின் படிவங்களும் அதே வசனத்தைத்தான் எழுதச் சொல்கின்றன. எழுவாய் ஒருமையில் இருக்க வேண்டும். 'நாங்கள்' என்று எழுதினால் இவன் என்ன செய்தான் என்று மேலிடம் கேட்கும். இது உண்மையான சங்கடம்; இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறர் பங்கைச் சேர்த்து எழுதியதால் தன் பங்கு சிறுத்துத் தோன்றி, பதவி உயர்வை இழந்தவர்களும் இருக்கவே செய்வார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் முன்னால் நிற்கும்போது அந்த இழப்பு சிறியதல்ல. 'பதவியை நாடாதே, போதுமென்ற மனமே பொன்' என்று மேடையில் இருந்து உபதேசிப்பவர்களுக்கு மாதக் கடைசி எப்படி வருகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். முன்னேற நினைப்பது பாவமல்ல. ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு படி ஏறும்போது அவனோடு ஒரு குடும்பமே ஏறுகின்றது.

ஆயினும் ஏறுவது வேறு, வளர்வது வேறு. அஸீஸ் அவர்களையே மீண்டும் நினைத்துப் பாருங்கள். யுத்த காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்று உணவு உற்பத்திக்காக உழைத்தவர் அவர். சிவில் சேவையில் இன்னும் உயரே போகக்கூடிய வயதில், 1948இல், அந்தப் பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். உத்தியோக ஏணியின் கணக்கில் அது இறக்கம். 1961 வரை அவர் அங்கே செய்த பணியை எண்ணும்போது, அதை இறக்கம் என்று சொல்ல இன்று யாருக்கும் வாய் வராது. எல்லோரும் பதவியைத் துறக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏணி நமக்காகவே தவிர, நாம் ஏணிக்காக அல்ல என்பதை மறக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

படிவத்தை நிரப்பப் போகும் தம்பிமார், தங்கைமாருக்கு ஓர் ஆசிரியனாக நான் சொல்லக்கூடியது சிறியதுதான். கூச்சப்பட வேண்டாம், எழுதுங்கள். எழுதி முடித்ததும் கையெழுத்திடுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். இதில் இல்லாதது ஏதும் இருக்கிறதா? இதில் இருக்க வேண்டிய எவருடைய பெயராவது விடுபட்டிருக்கிறதா? நான் கேட்கும் இந்தப் பதவியால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தவிர, அதனால் யாருடைய சுமை குறையும் என்று என்னால் ஒரு வரியாவது சொல்ல முடிகிறதா? மூன்றுக்கும் நிம்மதியாகப் பதில் சொல்ல முடிந்தால் துணிந்து கையெழுத்திடுங்கள். பதவி கிடைத்தால் அது அமானிதம். கிடைக்காவிட்டால், களஞ்சியத்தில் நின்று உழைத்த ஒரு மனிதரின் பெயர் மேலிடத்து மேசை வரை ஒருமுறையாவது போய்ச் சேர்ந்திருக்கும். அதற்காகவேனும் அந்தப் படிவம் எழுதத் தகுந்ததுதான்.